மிகையாக மீண்டவை

மீண்டு வந்தவை அளவுக்கு அதிகமாக இருக்கின்றன என்பதே சில காலமாக என் மனத்தை அரித்துக்கொண்டிருக்கும் விஷயம். காலஞ்சென்ற நண்பர் ஒருவருடைய பழைய ஹார்ட் டிஸ்க்கை அவருடைய மனைவியார் என்னிடம் கொடுத்து, "அவர் எழுதினது ஒண்ணுவிடாம வேணும், அண்ணா" என்று சொன்னபோது, எனக்கு உண்டான கவலைகள் எல்லாம் குறைவைப் பற்றியனவாகவே இருந்தன; எவ்வளவு போயிருக்கும், எவ்வளவு தேறும், எந்தக் கட்டுரையின் எந்தப் பாதி கிடைக்காமற்போகும் என்றே எண்ணினேன். குறைவுக்குத் தமிழ் வாசகனின் மனம் பழகியிருக்கிறது. நமக்குக் கிடைத்திருப்பது கரையானும் வெள்ளமும் விட்டுவைத்த பங்குதான் என்ற நினைவோடு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் அந்தத் தட்டு குறைவின் வழியாக என்னைச் சோதிக்கவில்லை. அவர் வைத்துப்போனது வந்தது. வேண்டாமென்று நீக்கியது வந்தது. எங்கும் பதிந்துவைக்காமல், தட்டச்சு செய்த நிலையிலேயே கைவிட்டதும் வந்தது. மூன்றும் ஒன்றுக்கொன்று வேற்றுமை தோன்றாதபடி, முன்பின் இல்லாமல், ஒரே குவியலாக என் முன் கிடந்தன. இவற்றுள் எது அவருடைய எழுத்து என்று கேட்டால், எல்லாம் அவருடையதே என்று உடனே சொல்லிவிடுவேன்; எது அவர் தம்முடையதென்று ஏற்றுக்கொண்ட எழுத்து என்று கேட்டால், வாய் திறவாமல் தயங்குவேன். இந்தத் தயக்கத்தைச் சுற்றி வருவதைத் தவிர இக்கட்டுரைக்கு வேறு பிரயோஜனம் இல்லை.

வாசிக்க இயலாத தட்டு என்று நாம் சொல்வதில், குற்றத்தைத் தட்டின்மேல் ஏற்றிவிடும் ஒரு சௌகரியம் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டையொட்டிய காலத்தில், சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் விண்டோஸைக் கட்டிக்கொண்டு அழுதபோது, ஃப்ரீபிஎஸ்டி என்னும் யூனிக்ஸ் குலத்து இயங்குதளத்தைப் பிடிவாதமாக வைத்திருந்தவர் அந்த நண்பர். அவருடைய தட்டை ஓர் அடாப்டர் வழியாக இன்றைய விண்டோஸ் கணினியில் பொருத்தினால், அது சிறிது நேரம் யோசித்துவிட்டு, இதை 'இனிஷியலைஸ்' செய்யவேண்டுமே, செய்யட்டுமா என்று மிகவும் மரியாதையாகக் கேட்கிறது. தனக்கு அர்த்தமாகாத ஒன்றை வெறுமை என்றே கொண்டு, அவ்வெறுமையில் தன் கோடுகளை வரைந்துகொள்ள அனுமதி கேட்கும் மரியாதை அது. தட்டின் முதல் செக்டாரில் உள்ள 512 பைட்டுகளில், 446 பைட்டுகள் கணினியை எழுப்பும் சிறு நிரலுக்கும், 64 பைட்டுகள் நான்கு பார்ட்டிஷன்களின் எல்லைகளைக் குறிக்கும் அட்டவணைக்கும், கடைசி 2 பைட்டுகள் இது அட்டவணைதான் என்று உறுதி சொல்லும் முத்திரைக்கும் உரியவை. நண்பரின் தட்டில் சிதைந்துபோன இடங்களுள் இந்த முதல் செக்டாரும் ஒன்று. அது நன்றாக இருந்திருந்தாலும் விண்டோஸுக்கு அதிகம் விளங்கியிராது. ஃப்ரீபிஎஸ்டி தனக்கென்று 165 என்ற எண்ணைக் கொண்ட ஒரே பகுதியை எடுத்துக்கொண்டு, அதற்குள்ளே தன்னுடைய வேறோர் அட்டவணையை எழுதி, மூல அமைப்புக்கு 'ஏ' என்றும், நினைவகத்தின் மிகுதியை இறக்கிவைக்கும் ஸ்வாப்புக்கு 'பி' என்றும், முழுப்பரப்புக்கும் 'சி' என்றும் பெயரிட்டு, மற்றவற்றை அதன்பின் வகுத்துக்கொள்ளும். ஆகவே இழந்தது எழுத்து அன்று. எழுத்து எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைப் பற்றி எழுதியவனுக்கும் இயந்திரத்துக்கும் இடையே இருந்த ஓர் உடன்படிக்கை. எழுத்தோ பல கோடி பைட்டுகளில் பரந்து கிடந்தது. உடன்படிக்கை சில நூறு பைட்டுகளுக்குள் அடங்கியிருந்தது. பெரியது பிழைத்துச் சிறியது அழிந்தால், பெரியதும் இல்லாததாகவே ஆகிவிடுகிறது.

இத்தகைய தட்டை நேரடியாகத் தொட்டு வேலை செய்வது தகாது என்பது இத்தொழிலில் முதற்பாடம். அதன் உள்ளே ஊசிமுனை அளவு உயரத்தில்கூட அல்ல, அதனினும் மிகத் தாழ்வாகப் பறக்கும் வாசிப்புத் தலை ஒவ்வொரு தடவை இடறும்போதும் தட்டு இன்னும் சிறிது சேதமடையலாம். ஆதலால் முதலில் செக்டாருக்குச் செக்டார் முழுப் பிரதி ஒன்றை எடுத்துக்கொண்டு, மூலத்தை அலமாரியில் வைத்துவிட்டு, பிரதியின்மேல்தான் ஆராய்ச்சியைத் தொடங்கவேண்டும். டிடிரெஸ்க்யூ என்ற நிரல் இதற்கென்றே ஏற்பட்டது. எதிர்ப்பட்ட சிதைவோடு அது மல்லுக்கட்டுவதில்லை. இடறிய இடத்தைக் குறித்துக்கொண்டு தாண்டிச் சென்று, நல்ல நிலத்தையெல்லாம் முதலில் சேகரித்துவிட்டு, அதன் பிறகே திரும்பி வந்து, குறித்துவைத்த இடங்களின் ஓரங்களைச் சிறிது சிறிதாகச் சுரண்டுகிறது. வேண்டுமானால் பின்னிருந்து முன்னாகவும் வாசிக்கிறது. அந்தத் தட்டின் ஓசை இன்னும் என் காதில் இருக்கிறது: ஒரு சீரான மெல்லிய இரைச்சல், நடுவில் திடீரென்று ஒரு 'டக்', பிறகு ஒரு நிதானம், மறுபடியும் அதே 'டக்'. தொட்டால் கை பொறுக்கும் அளவுக்கு மேல் சூடு ஏறியிருக்கும், நிறுத்தி ஆறவிடவேண்டும். பிரதி எடுத்த பிறகும் அதை வாசிப்பதற்கு மட்டும் என்ற நிபந்தனையோடுதான் திறக்கவேண்டும்; ஏனெனில் யூனிக்ஸ் ஒவ்வொரு ஃபைலுக்கும் எழுதிய நேரத்தோடு கடைசியாக வாசித்த நேரத்தையும் குறித்துவைக்கும் இயல்புடையது. நான் ஒரு கடிதத்தைத் திறந்து பார்த்தேன் என்பதே, அவர் அதைக் கடைசியாக எப்போது திறந்து பார்த்தார் என்ற சாட்சியத்தை அழித்துவிடும். பார்ப்பது என்பது ஒரு குற்றமற்ற செயல் என்ற நம்பிக்கை எனக்கு முதன்முதலாக ஆட்டங்கண்டது இந்தச் சிறிய விதியின் முன்னால்தான்.

எல்லைகளின் அட்டவணை போய்விட்டால் பிறகு எதைக் கொண்டு தேடுவது? ஃப்ரீபிஎஸ்டியின் ஃபைல் அமைப்பு பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவானது. அதைப் பற்றி மக்கூசிக், ஜாய், லெஃப்ளர், ஃபாப்ரி என்ற நால்வர் 1984-இல் வெளியிட்ட ஆய்வுரை இன்றும் வாசிக்கத் தகுந்தது. ஒவ்வொரு பார்ட்டிஷனின் தொடக்கத்திலும் சூப்பர்பிளாக் என்ற ஒரு மூலக்குறிப்பு இருக்கும். அதற்கு ஓர் அடையாள எண் உண்டு: 011954. மக்கூசிக் தம்முடைய பிறந்தநாளையே, அதாவது 1954 ஜனவரி 19-ஐ, அந்த எண்ணாக வைத்துவிட்டார். இன்டெல் வழிவந்த கணினிகள் ஓர் எண்ணின் சிறிய பகுதியை முன்னும் பெரிய பகுதியை அதன்பின்னும் எழுதுகிறவையாதலால், தட்டின்மேல் அது 54 19 01 00 என்று தலைகீழாகக் கிடக்கும். அந்த நான்கு பைட்டுகளைத் தேடிக்கொண்டு முழுப் பிரதியையும் வாரினேன். தேடுகிறவனுக்கு உதவியாக இன்னொன்றும் அந்நால்வர் செய்திருக்கிறார்கள்: சூப்பர்பிளாக்கின் பிரதிகளைத் தட்டு முழுவதும் பல இடங்களில் வைத்தார்கள், வைத்ததோடு நில்லாமல், ஒவ்வொரு பிரதியையும் முந்தையதிலிருந்து ஏறக்குறைய ஒரு தடம் தள்ளித் தள்ளி வைத்தார்கள், எந்த ஒரு தடமோ தகடோ முற்றிலும் நாசமானாலும் எல்லாப் பிரதிகளும் ஒருசேர நாசமாகக்கூடாது என்பதற்காக. யாரோ ஒருவருடைய துரதிர்ஷ்டத்தை முன்கூட்டியே நினைத்துப் பார்த்துச் செய்த இந்த ஏற்பாட்டில் ஒரு காருண்யம் தெரிகிறது. ஆனால் காருண்யத்திலும் ஒரு சங்கடம் பிறந்தது. நண்பர் அந்தத் தட்டில் இயங்குதளத்தை ஒரு முறைக்கு மேல் புதிதாக நிறுவியிருந்தார். ஒவ்வொரு முறையும் எல்லைகள் சிறிது மாறியிருந்தன. பழைய அமைப்பின் சூப்பர்பிளாக்குகளில் சில, புதிய அமைப்பின் கை படாத மூலைகளில் அப்படியே பிழைத்திருந்தன. எனவே அந்தப் பிறந்தநாள் பல இடங்களிலிருந்து எனக்குப் பதில் சொன்னது. ஒவ்வொன்றும் தானே உண்மையான எல்லை என்று ஒரே தொனியில் சாதித்தது. எது வாழும் அமைப்பு, எது கைவிடப்பட்ட அமைப்பு என்பதைத் தட்டு சொல்லவில்லை; நான்தான் தேதிகளை ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்லவேண்டியிருந்தது.

இந்த இடத்தில் யூனிக்ஸின் அடிப்படையான ஒரு சங்கல்பத்தைச் சொல்லியாகவேண்டும். 1969-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ப்ஸன் இதைத் தொடங்கிய நாளிலிருந்தே, ஒரு ஃபைலின் உடல் வேறு, அதன் பெயர் வேறு. உடலைப் பற்றிய செய்திகள் அனைத்தும், அளவு, உரிமையாளர், நேரங்கள், எந்தெந்த பிளாக்குகளில் கிடக்கிறது என்பன, ஐநோட் என்ற ஒரு சிறு பதிவில் இருக்கும். அப்பதிவில் பெயர் இராது. பெயர் டைரக்டரியில், ஓர் ஐநோட் எண்ணின் பக்கத்தில் எழுதியிருக்கும். வேர் டைரக்டரிக்கு எண் 2. அங்கிருந்து பெயர் பெயராக இறங்கித்தான் எந்த உடலையும் அடையமுடியும். ஓர் உடலுக்குப் பல பெயர்கள் இருக்கலாம். அவை எத்தனை என்ற கணக்கு மட்டும் ஐநோட்டில் உண்டு. நீக்கு என்று நாம் ஆணையிடும்போது, யூனிக்ஸ் செய்வது ஒரு பெயரின் பிணைப்பை அறுப்பது. கணக்கு பூஜ்யமாகி, அதைத் திறந்து வைத்திருக்கும் நிரலும் ஒன்றும் இல்லையென்றால், ஐநோட்டில் உள்ள பிளாக் எண்கள் துடைக்கப்பட்டு, இடம் காலியென்று குறிக்கப்படும். பிளாக்குகளில் இருந்த எழுத்தை யாரும் தொடுவதில்லை. டைரக்டரியிலும் பெரும்பாலும் பெயர் அழிக்கப்படுவதில்லை. அதற்கு முன்னே உள்ள பெயரின் இடம் இதையும் தன்னுள் கொள்ளுமாறு நீட்டப்படுகிறது, அவ்வளவே. நண்பரின் டைரக்டரிகளைப் பைட் பைட்டாகப் பிரித்துப் பார்த்தபோது, ஒவ்வொரு வாழும் பெயரின் நிழலிலும் செத்த பெயர்கள் ஒளிந்திருக்கக் கண்டேன்: ஒரு முன்னுரையின் பெயர், ஒரு மறுப்புக் கடிதத்தின் பெயர், யாரோ ஒருவருக்கு எழுதிய இரங்கற்குறிப்பின் பெயர். அந்தப் பெயர்களுக்குரிய எழுத்துக்களும் தட்டில் எங்கோ கிடந்தன. பெயர் இங்கே, உடல் அங்கே, இரண்டும் அழியவில்லை, இடையிலிருந்த பிளாக் எண்கள் மட்டும் இல்லை. அந்த எண்களை அறுத்தது சிதைவு அன்று, அவருடைய விரல்.

உடல்களைத் தேடும்போது வேறொரு தடையும் நேர்ந்தது. தட்டில் சிதறிய எழுத்தைப் பொறுக்குவதற்கு யூனிக்ஸில் பழமையான ஒரு நிரல் உண்டு. வாசிக்கத்தக்க எழுத்துக்கள் தொடர்ச்சியாக நான்கேனும் இருந்தால் அதை எடுத்துக் காட்டும். ஆனால் வாசிக்கத்தக்கது என்று அது இயல்பாகக் கொள்வது ஆங்கில எழுத்துக்களையும் எண்களையும் குறிகளையுமே. நண்பர் எழுதியது திஸ்கி என்னும் குறியீட்டில். அதில் பைட்டுகளின் முதற்பாதி ஆங்கிலத்துக்கும் பிற்பாதி தமிழுக்கும் ஒதுக்கப்பட்டிருந்தது. ஆகவே அந்த நிரலை ஓட்டினால், அவருடைய மின்னஞ்சல்களின் ஆங்கிலத் தலைப்புகளும், நிரல்களின் பிழைச்செய்திகளும் பக்கம் பக்கமாக வந்தன. தமிழ் ஒரு வரி வரவில்லை. பிற்பாதியையும் கணக்கில் கொள் என்று தனியே சொன்ன பிறகுதான் வந்தது, அதுவும் மாறுவேடத்தில்: தமிழ் என்ற சொல், முக்கால் என்ற பின்னக்குறியும், தலையில் கோடேறிய ஓர் ஐரோப்பிய எழுத்தும், அமெரிக்கச் சென்ட் குறியும், மீண்டும் கோடேறிய ஓர் எழுத்துமாக நின்றது. அந்தக் கோலத்தை மனப்பாடம் செய்துகொண்டு, அதையே தூண்டிலாகப் போட்டுத் தேடினேன். யூனிகோடுக்கு மாற்றும்போது, ஒற்றைக்கொம்பை எழுத்துக்கு முன்னே வைக்கும் திஸ்கியின் வரிசையை முறைமாற்றி, 'கொ' என்பதன் கொம்பையும் காலையும் ககரத்துக்குப் பின்னே ஒன்றாகச் சேர்க்கவேண்டும். துண்டு கொம்போடு முடிந்துவிட்டால் அந்தக் கொம்பு எந்த எழுத்துக்குரியது என்பதை, அடுத்த துண்டைக் கண்டுபிடித்தால்தான் அறியலாம். பெர்க்லி அமைப்பு இடத்தை வீணாக்காமல், சிறிய ஃபைல்களின் வால்களை ஒரே பிளாக்குக்குள் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிவிடுகிறது. ஆதலால் ஒரு கட்டுரையின் இறுதி வாக்கியம் முடிந்த இடத்திலேயே மளிகைக் கணக்கு தொடங்கும், அதன் வாலில் பாதிக் கடிதம் தொங்கும். எந்தத் துண்டு எதனோடு சேரும் என்பதை எந்த நிரலும் சொல்லாது. வாக்கியத்தை வாசித்து, அவருடைய நடையை நினைத்து, இந்த எழுவாய்க்கு இந்தப் பயனிலைதான் வந்திருக்கும் என்று ஊகித்தே சேர்க்கவேண்டும். அதாவது, மீட்கவேண்டுமானால் வாசித்தே ஆகவேண்டும். கண்ணை மூடிக்கொண்டு மீட்டுக் கொடுத்துவிட்டு, அந்தரங்கத்தைக் காத்தேன் என்று சொல்லிக்கொள்ள இத்தொழிலில் வழியில்லை.

ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்த பெரியவர்களை இந்த வேளையில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஆனால் நினைக்க நினைக்க ஒற்றுமையைவிட வேற்றுமையே தெளிவாகிறது. உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை வெளியிட்டபோது அவர் முன் கிடந்த பாடபேதங்கள், நூலாசிரியருக்கும் பதிப்பாசிரியருக்கும் இடையே பல நூற்றாண்டுகளாக வந்துபோன எழுத்தர்களின் கைபட்டவை. அவற்றுக்குள் ஆசிரியர் வாக்கு ஒன்று இருக்கிறது என்ற நம்பிக்கையே அவருடைய உழைப்புக்கு ஆதாரம். என் முன் கிடந்த பாடபேதங்களோ எல்லாம் ஆசிரியர் வாக்கே. ஒரே பத்தி, ஒரு வடிவில் கடுமையாக, இன்னொன்றில் அக்கடுமை நீங்கி, மூன்றாவதில் முழுப்பத்தியே நீங்கி. மூன்றும் ஒரே கையால், அநேகமாக ஒரே மாலைப்பொழுதில். ஸ்வாப் பகுதியில் கிடந்தவை இன்னும் விசித்திரமானவை. அங்கே இருந்தவை ஃபைல்களே அல்ல. இடம் போதாமல் நினைவகத்திலிருந்து இறக்கிவைத்த பக்கங்கள். அவற்றில் அவர் தட்டச்சு செய்து, பதிந்துவைக்காமலே அகற்றிய வாக்கியங்கள் இருந்தன. ஒரு நண்பரைப் பற்றி நியாயமற்ற ஒரு வரி. அது எந்தக் கட்டுரையிலும் இல்லை. எழுதிப் பார்த்து, வாசித்து, வெட்கி, அகற்றியிருக்கவேண்டும் என்று நான் ஊகிக்கிறேன். மனத்தில் தோன்றி மறைந்த ஒன்றுக்கு ஒரு மனிதனைப் பொறுப்பாளியாக்கலாகாது என்பது நம் நீதிநூல்கள் எல்லாவற்றுக்கும் சம்மதமானது அன்று. ஆயினும் அகற்றியதற்காக அவனை மதிக்காமல் இருப்பது எந்த நீதிக்கும் சம்மதமாக இராது. சுவடிப் பதிப்பாசிரியர் இல்லாததைத் தேடி அலைந்தார். நானோ இருப்பதன் நடுவே, எது இருக்கவேண்டாமென்று நண்பர் நினைத்தார் என்பதைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அதற்கும் சாட்சிகள் உண்டு என்று தட்டை அறிந்தவர்கள் சொல்லக்கூடும். உண்டுதான். சிதைந்த அமைப்பைச் செப்பனிட, டெட் கோவால்ஸ்கி என்பவர் பெல் ஆய்வுக்கூடத்தில் எழுதி, பின்னர் பெர்க்லியில் விரிவடைந்த எஃப்எஸ்சிகே என்ற நிரல், இவ்விஷயத்தில் வியக்கத்தக்க விவேகத்தோடு நடந்துகொள்கிறது. டைரக்டரி எதிலும் பெயர் இல்லாத ஓர் ஐநோட்டை அது கண்டால், முதலில் அதன் பிணைப்புக் கணக்கைப் பார்க்கிறது. கணக்கு பூஜ்யமாக இருந்தால், உரியவரே விட்டுவிட்டார் என்று கொண்டு அதைக் காலி செய்துவிடுகிறது. கணக்கு பூஜ்யமாக இல்லாவிட்டால், இதை யாரோ பெயர் சொல்லி வைத்திருந்தார்கள், பெயர் விபத்தில் போயிற்று என்று கொண்டு, காணாமற்போய்க் கிடைத்தவை என்று பொருள்படும் தனி டைரக்டரி ஒன்றில் அதைச் சேர்க்கிறது; சேர்க்கும்போது பெயரைக் கற்பனை செய்யாமல், ஐநோட் எண்ணையே பெயராக இடுகிறது. ஒருவருடைய விருப்பம் பதினாறு பிட்டுகள் கொண்ட ஓர் எண்ணில் எஞ்சியிருக்கிறது. நிரல் அதை மதிக்கிறது. ஐநோட் அற்ற வெறும் பிளாக்குகளுக்கும், எது காலி எது நிறைவு என்று காட்டும் வரைபடம் ஒன்று, பெர்க்லி அமைப்பு தட்டைப் பிரித்துக்கொண்ட ஒவ்வொரு வட்டாரத்திலும் உண்டு. ஆனால் காலி என்ற அக்குறிக்கு எத்தனை அர்த்தங்கள்! வெறுத்து எறிந்ததும் காலி. ஒரு கமாவைத் திருத்தி மறுபடியும் பதிந்தபோது விடுபட்ட முந்தைய வடிவமும் காலி. இயங்குதளத்தைப் புதிதாக நிறுவியபோது முழுதாகப் பிரதி எடுத்துக்கொள்ள மறந்ததும் காலி. இயந்திரம் இவற்றை ஒரே பிட்டால் குறிக்கிறது. வரைபடமே சிதைந்துபோன வட்டாரங்களிலோ அந்த ஒரு பிட்டும் கிடையாது.

ஆகவே நான் செய்தது, கோவால்ஸ்கியின் நிரலிடம் கற்றுக்கொண்டதே. பெயரோடு கிடைத்தவற்றைப் பெயரோடு கொடுத்தேன். பெயர் போய்க் கணக்கு எஞ்சியவற்றை எண்ணோடு கொடுத்தேன். தலைப்பு இதுவாக இருக்கலாம் என்று எனக்கு நன்றாகத் தோன்றிய இடங்களிலும் தலைப்பு இடவில்லை, ஏனெனில் அவர் வைத்துக்கொள்வதாக உறுதி செய்த செயல்தான் பெயரிடுவது, அதை அவர் சார்பில் நான் செய்யலாகாது. இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது குவியல் ஒன்று இருக்கிறது என்பதையும், அதில் இருப்பவை எவ்வழியாக வந்தவை என்பதையும் அவர் மனைவியாரிடம் சொன்னேன். உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லவில்லை. "அவர் வேண்டாம்னு போட்டதுன்னா எனக்கெதுக்கு?" என்றார் முதலில், பிறகு, "வேண்டாம்னுதான் போட்டார்னு நிச்சயமா தெரியுமா?" என்றார். நிச்சயமாகத் தெரியாது, அவர் கேட்ட இரண்டாவது கேள்விக்கு விடை இருந்தால் முதலாவது கேள்விக்கும் விடை இருந்திருக்கும். எழுத்தாளன் என்பவன் எழுதியவற்றின் தொகை அல்லன், எழுதியவற்றுள் நிறுத்திக்கொண்டவற்றின் தொகை என்றே நான் இன்றும் கருதுகிறேன். அப்படியானால் அந்தக் குவியலை அழித்துவிடுவதுதானே முறை என்று கேட்பவருக்கு, ஒரே பதில்தான் சொல்லமுடிகிறது. நண்பர் இட்ட ஆணை பிணைப்பை அறுக்கும் ஆணையே தவிர அழிக்கும் ஆணை அன்று. அழிப்பதானால் ஒவ்வொரு பிளாக்கின்மேலும் பூஜ்யங்களை எழுதவேண்டும். யூனிக்ஸை அத்தனை நன்றாக அறிந்திருந்த அவர், அதைச் செய்யும் வழி கைக்கெட்டிய தூரத்தில் இருந்தும் செய்யவில்லை. சோம்பலா, நம்பிக்கையா, அல்லது யாராவது ஒரு நாள் தேடட்டும் என்ற ஆசையா என்பதை அறியாமல், அந்தப் பூஜ்யங்களை எழுத எனக்கு அதிகாரம் இல்லை.